நிரம்பவே நிரம்பாத செப்டிக் டேங்க்... சந்தோஷப்படலாமா?

"கட்டி இருபது வருஷமாச்சு. இன்னிக்கு வரைக்கும் லாரி வச்சு எடுத்ததே கிடையாது, பாத்துக்கிடுங்க!"

தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் பலர் தங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கைப் பற்றி இப்படிப் பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். கேட்பவரும், "நல்ல கொத்தனார் கட்டியிருப்பார் போல" என்று தலையாட்டுவார்.

இது பெருமைப்பட வேண்டிய சமாசாரம் இல்லை. கவலைப்பட வேண்டிய சமாசாரம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சரியாகக் கட்டிய டேங்க்கில் கசடு அடியில் சேர்ந்துகொண்டே வரும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்தே ஆக வேண்டும். இருபது வருஷமாக நிரம்பவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பாலும் அது டேங்க்கே இல்லை. அடியில் சிமென்ட் போடாமல் உறைகளை இறக்கி, மேலே மூடி போட்ட வெறும் குழி. உள்ளே விழுவது எல்லாம் கரைந்து மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அதே மண்ணில்தான் உங்கள் கிணறும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அடிபம்பும் இருக்கிறது.

மனை வாங்கும்போது பட்டா பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம். மண்ணை எத்தனை பேர் பார்க்கிறோம்? பாதாளச் சாக்கடை வராத ஊரில் வீடு கட்டப் போகிறவர்கள், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டேங்க் செய்வது பாதி வேலைதான்

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது செய்வது பாதி வேலைதான். கனமான கழிவு அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசையும் லேசான பொருட்களும் மேலே ஏடு கட்டுகின்றன. காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அடியில் படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கின்றன. நடுவில் நிற்கும் தண்ணீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது.

அந்தத் தண்ணீர் பார்வைக்குக் கொஞ்சம் தெளிவாக இருக்கலாம். ஆனால் அதில் டைஃபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் உயிரோடுதான் இருக்கும்.

மீதிப் பாதி வேலையைச் செய்வது மண். ஈரம் குறைவாக, காற்றோட்டமாக இருக்கும் மண்ணில் இந்தத் தண்ணீர் மெதுவாக இறங்கும்போது கிருமிகள் மண் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. மிச்சமிருப்பவை பட்டினி கிடந்து சாகின்றன. இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, தண்ணீர் போதிய நேரம் மண்ணில் தங்க வேண்டும். இரண்டு, குழிக்குக் கீழே போதிய ஆழத்துக்கு நீர் நிற்காத மண் இருக்க வேண்டும்.

தண்ணீர் வேகமாக ஓடினாலும் ஆபத்து. இறங்காமல் நின்றாலும் ஆபத்து. இதுதான் விஷயத்தின் சாரம்.

லண்டனில் நடந்த கதை

1854-ல் லண்டன் நகரின் பிராட் தெருவில் காலரா பரவி, சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நோய் காற்றில் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, அந்தத் தெருவில் இருந்த அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொன்னார். பின்னால் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் கழிவுக்குழி அந்தக் கிணற்றிலிருந்து மூன்றடிகூடத் தள்ளி இல்லை. குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது. அந்த வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் அந்தக் குழிக்குத்தான் போயிருக்கிறது.

ஒரு வீட்டுக் குழி ஒரு தெருவையே சாய்த்துவிட்டது. நம் ஊர் மனைகளில் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள இடைவெளியை நினைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஒரே மாவட்டம், நாலு விதமான மண்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒருவர் கட்டிய மாதிரியே இன்னொருவர் கட்ட முடியாது. வ.உ.சி. துறைமுகத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் சில மைல்களில் மண் மாறிவிடும்.

கடற்கரை மணல்: வேம்பார், தருவைகுளம் தொடங்கி தெற்கே ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை வரை, முத்துக்குளித்த இந்தக் கரையோர ஊர்களில் பெரும்பாலும் மணல்தான். திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர்! கரையோர மணலில் பெய்யும் மழை நீர் கீழே இறங்கி, எடை அதிகமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். இந்த ஊர்களில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வருவது இதனால்தான். அது இயற்கை தந்த வரம். ஆனால் அந்த மெல்லிய நல்ல தண்ணீர் அடுக்கு, நிலத்தின் மேல்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆழமாகக் குழி தோண்டி உறை இறக்கினால், குழியின் அடி நேராக அந்தத் தண்ணீரிலேயே போய் உட்காரும். அங்கே வடிகட்ட மண் ஏது?

தேரி: குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல். தண்ணீர் சட்டென்று உள்ளே போய்விடும். நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் இடங்களில் இது நல்ல மண். தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் நீர்மட்டம் மேலே வந்துவிடும். அங்கே கடற்கரை மணலுக்கு உள்ள எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கரிசல்: கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம். நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும்; காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காமல் மேலே பொங்கும். கோடையில் வெடிப்பு வழியே வடிகட்டப்படாமலே கீழே போகும். இந்த மண் உப்பிச் சுருங்குவதில் தொட்டிச் சுவரே விரிசல் விடுவதும் உண்டு.

ஆற்றுப்பாசன வண்டல்: ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று தாமிரபரணி பாயும் பகுதி. வாழையும் வெற்றிலையும் விளையும் அருமையான மண். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கிணற்று நீர்மட்டம் மளமளவென்று ஏறும். சித்திரையில் பார்த்து முடிவு செய்தால் கார்த்திகையில் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்களே செய்து பார்க்கலாம்!

மண் தண்ணீரை எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்று பார்க்கும் சோதனை இந்தியத் தர நிர்ணயத்திலேயே (ஐ.எஸ். 2470) சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மண்வெட்டி, குடம், அடிக்கோல், கைக்கடிகாரம் போதும்.

1. உறிஞ்சு குழியோ வாய்க்காலோ வரப்போகிற இடத்தில், அது எவ்வளவு ஆழம் போகுமோ அந்த ஆழத்துக்கு, சுமார் ஓரடி அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள்.

2. மண்வெட்டி வழவழப்பாக்கிய பக்கங்களைக் கீறி விடுங்கள். உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 2 அங்குலத்துக்குப் பருமணலோ பொடி ஜல்லியோ போடுங்கள்.

3. ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இராத்திரி முழுவதும் ஊற விடுங்கள். குறையக் குறைய ஊற்ற வேண்டும். கரிசலில் இதை விட்டுவிடவே கூடாது. வெடிப்பில் ஓடும் தண்ணீரைப் பார்த்து "அடேயப்பா, நல்லா இறங்குதே" என்று ஏமாந்துவிடுவோம்.

4. மறுநாள் 6 அங்குலம் தண்ணீர் நிற்க வைத்து, அரை மணியில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளங்கள். அதிலிருந்து ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுங்கள். மணலில் அரை மணிக்குள் எல்லாத் தண்ணீரும் போய்விட்டால், 10 நிமிஷத்துக்கு ஒருமுறை ஊற்றி ஒரு மணி நேரம் அளக்க வேண்டும்.

மனையில் இரண்டு மூன்று இடத்தில் செய்வது நல்லது. இப்போது விடையைப் பார்ப்போம்.

ஓர் அங்குலம் இறங்க 30 நிமிஷத்துக்குள் ஆனால், உறிஞ்சு குழியோ, துளையிட்ட குழாய் பதித்த ஜல்லி வாய்க்காலோ போடலாம். 30 முதல் 60 நிமிஷம் ஆனால் குழி சரிப்படாது. பரந்து கிடக்கும் வாய்க்கால்தான் ஏற்றது. 60 நிமிஷத்துக்கு மேலே போனால் அந்த மண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை. ஜல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி தனியாகக் கட்ட வேண்டும்.

இதெல்லாம் மழைக்காலத்திலும் நிலத்தடி நீர் 6 அடிக்குக் (1.8 மீட்டர்) கீழே இருந்தால்தான். அதற்கு மேலே வந்துவிடும் இடமென்றால், எவ்வளவு நன்றாக இறங்கும் மண்ணானாலும் குழி தோண்டக் கூடாது. மண் கொட்டி மேடு போட்டு, அந்த மேட்டுக்குள் வாய்க்கால் அமைக்க வேண்டும். கடற்கரை மணலுக்கு இதுதான் சரியான வழி. நம் பக்கம் பேஸ்மென்ட்டை உயர்த்திக் கட்டுவது வழக்கம்தானே? கழிவறைத் தளத்தையும் அதற்கேற்ப உயர்த்திவிட்டால், தண்ணீர் தானாகவே மேட்டுக்கு ஓடும்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கினால் "மண் பிரமாதம்" என்கிறோம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படிப்பட்ட மண்ணையும், தண்ணீரே இறங்காத களிமண்ணைப் போலவே, சாதாரண அமைப்புக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மண் சோதனை முடிந்தால்தான் அங்கே வீடு கட்டவே அனுமதி கிடைக்கும்.

எவ்வளவு பெரிசு, எவ்வளவு தூரம்?

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு டேங்க் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றரை அடி இருந்தால் போதும். அதற்கு மேல் ஓரடி காலியிடம். "பத்தடி ஆழம் போட்டா ரொம்ப நாள் வரும் சார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடியும் பக்கமும் சொட்டுத் தண்ணீர் கசியாமல் பூசியிருக்க வேண்டும். கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்து, மட்டம் குறைகிறதா என்று பார்த்துவிட்டே கொத்தனாருக்குக் கணக்கு முடியுங்கள்.

உறிஞ்சு குழியோ வாய்க்காலோ, குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கிணறு என்றால் உங்கள் கிணறு மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக் கிணறும், பின்னால் உள்ள காலி மனையில் நாளைக்கு வரப்போகும் போர்வெல்லும் சேர்த்துத்தான்.

மூன்று சென்ட் மனையில் 60 அடிக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. மூன்று சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. மனையின் நீளமே 60 அடி இருக்காது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? உள்ள வழிகளைப் பாருங்கள்.

கட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள். எல்லோரும் குழிகளை ஒரு பக்கமும் கிணறுகளை எதிர்ப்பக்கமும் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீரும். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலையோ ஆற்றையோ பார்த்துச் சரிந்து ஓடும். அந்தச் சரிவில் கிணறு மேலேயும் குழி கீழேயும் இருப்பது நல்லது.

தண்ணீரைக் குறைவாக ஊற்றும் கழிவறை என்றால், இரட்டைக் குழி முறையை யோசிக்கலாம். ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். ஒன்றரை, இரண்டு வருஷம் ஆறப் போட்டால் முதல் குழியில் உள்ளது வாசனையற்ற எருவாகிவிடும். குழியின் அடிக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் இருந்தால், நைஸான மண்ணில் கிணறு 3 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். 2 மீட்டர் இல்லையென்றால் 10 மீட்டர் வேண்டும் என்கின்றன அரசு வழிகாட்டிகள். பருமணலாக இருந்தால், குழியின் அடியைக் களிமண்ணாலோ பாலிதீன் விரிப்பாலோ அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணல் கொட்ட வேண்டும். நம் கடற்கரை ஊர்களுக்கு இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம்.

குளியலறை, சமையலறைத் தண்ணீரை டேங்க்கில் விடாதீர்கள். வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சுங்கள். டேங்க்குக்கு வரும் தண்ணீர் குறையக் குறைய மண்ணின் வேலை சுலபமாகும்.

எதுவுமே சரிப்படவில்லை என்றால், அந்த மனைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் குடிக்க. கிணறு மற்ற உபயோகத்துக்கு என்று பிரித்துவிடுங்கள்.

கிணறு கெட்டுவிட்டதா? எப்படித் தெரியும்?

நிறத்தையும் ருசியையும் வைத்துச் சொல்ல முடியாது. பன்னீர் மாதிரி இருக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு, அதுவும் மழைக்குப் பிறகு வந்தால் சந்தேகப்படுங்கள். தெருவில் இரண்டு மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை என்றால் உடனே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ்-இ கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஈ-கோலி: 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு, நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. சிறுநீரில் உள்ள நைட்ரஜன் மணலில் இறங்கும்போது நைட்ரேட்டாக மாறி, கிருமிகள் போக முடியாத தூரத்துக்கும் போய்விடும். ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கலந்து கொடுத்தால், இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும்!

சந்தேகம் கேட்கலாமா?

"வெள்ளம் வந்து டேங்க்கும் கிணறும் ஒன்றாகிவிட்டால்?"

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியுமா? அந்த மாதிரி நேரத்தில் கிணறும் குழியும் ஒன்றுதான். தண்ணீர் வடிந்த பின் கிணற்றை இறைத்துவிட்டு, சுகாதாரத் துறையினரைக் கொண்டு குளோரின் போட்டுப் பரிசோதித்த பிறகே குடியுங்கள். சாதாரண நாட்களில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. வெள்ளத்துக்குப் பின் அது போதாது.

"காற்றுக் குழாய் எதற்கு? கொசுதான் வருகிறது."

உள்ளே உண்டாகும் வாயு வெளியேறக் குழாய் வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு செப்டிக் டேங்க் அரண்மனை மாதிரி. குழாயை எடுக்காதீர்கள், அதன் வாயில் கொசுவலைக் கம்பி கட்டுங்கள். மூடியில் இடுக்கு இருந்தால் பூசுங்கள்.

"ஆள் வைத்து இறக்கி அள்ளலாமா?"

கூடவே கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் பிழைப்பதில்லை. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்கினால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாரி வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வழி. எடுத்ததை ஓடையிலோ குளத்திலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்களா என்றும் கேளுங்கள்.

"எங்களுடையது வெறும் குழிதான். இப்போது என்ன செய்வது?"

வீட்டை இடிக்க வேண்டாம். முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். அந்தக் குழிக்கு முன்னால் சிறிதாக, கசியாத டேங்க் ஒன்று கட்டி, கழிவறைக் குழாயை அதற்குத் திருப்புங்கள். நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் இடமென்றால், பழைய குழியைச் சுத்தம் செய்து உறிஞ்சு குழியாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் குழியென்றால் மண் போட்டு மூடிவிட்டு, மேட்டு வாய்க்காலுக்கு மாறுங்கள்.

மார்கழியில் ஒரு நாள் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது? உங்கள் வீட்டுக் குழி எத்தனை அடி ஆழம்? இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். குழியின் எண் பெரிதாக இருந்தால், கொத்தனாரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.